மரகதத்தின் சாவி

நவம்பர் 3, திங்கள்

இன்று மாலை வண்டி தானாகத் திறந்து, தானாக மூடிக்கொண்டது.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. பத்தாம் வகுப்புப் பையன் வீட்டுப்பாடம் எழுதாததற்குச் சொல்லும் காரணம் போல இருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான். அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சமையலறை ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. வண்டி கீழே சாலையை ஒட்டி, பக்கங்கள் திறந்த தகரக் கொட்டகையில் நிற்கும். கோத்தகிரியில் பாதி வீடுகள் இப்படித்தான், ஆள் மேலே, வண்டி கீழே. மூடுபனி இறங்கியிருந்ததால் சாலையே தெரியவில்லை. திடீரென்று கொட்டகை இருக்கும் இடத்தில் மஞ்சள் விளக்குகள் இரண்டு முறை சிமிட்டின. அந்த வெளிச்சத்தில், மடங்கியிருந்த பக்கக் கண்ணாடிகள் காதுகளைப் போல மெதுவாக விரிந்தன. உள்விளக்கு எரிந்தது. யாரும் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது, வண்டி ஒரு முறை சிமிட்டியது, கண்ணாடிகள் மடங்கிக்கொண்டன.

அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

கூடத்தில் போய்ப் பார்த்தேன். என் சாவி காலண்டர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

இன்றும். அதே நேரம், ஏறக்குறைய ஐந்தரை.

முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் இதற்குப் பயப்படக் கூடாது. பயப்படவும் இல்லை. இந்த வண்டியின் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று என் மனைவி மரகதத்துக்கு நானேதான் விளக்கினேன். வண்டி வாங்கிய புதிதில் அவளுக்கு ஒரே சந்தேகம். "சாவிய வெளியவே எடுக்கறதில்ல, பின்ன எப்படிங்க கதவு தொறக்குது?" என்றாள். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி என்றேன். வண்டி ஓயாமல் மெல்லிய குரலில் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் குரல் ஓரிரு அடிக்கு மேல் கேட்காது. சாவி அருகே வந்ததும் "உள்ளேன் ஐயா" என்று பதில் சொல்கிறது. குரல் சரியாக இருந்தால் கதவு திறக்கும். சாவி விலகிப் போனால் பதில் நின்றுவிடும், கதவு பூட்டிக்கொள்ளும்.

"ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் உள்ளேன் ஐயா சொன்னா?"

"நடக்காது. ஒவ்வொரு சாவிக்கும் ஒவ்வொரு குரல்."

"உங்க கிளாஸ்ல நடந்திருக்கும்," என்று சொல்லிச் சிரித்தாள்.

வண்டி ஓட்டுகிறவள் அவள்தான். தோட்டக்கலைத் துறையில் இருந்தபோது ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையெல்லாம் சுற்றியவள். நான் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. செப்டம்பரில் அவள் போன பிறகு வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஆகவே சோதனை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதல் சந்தேகம் என் சாவி மீதே. உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தேய்ந்து ஏதாவது உளறுகிறதோ என்னவோ. சாவியை அலுமினியத் தாளில் சுற்றி பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடிவிட்டேன். இனி அதன் சத்தம் வெளியே வராது.

நவம்பர் 5, புதன்

சாவி டின்னில். வண்டி திறந்தது.

நவம்பர் 6, வியாழன்

காலையில் கொட்டகையைக் கூட்டப் போனேன். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு காகிதக் குவளை, நிறையத் தண்ணீர். இரவு முழுவதும் கொட்டிய பனியில் நிறைந்ததா என்று பார்த்தேன். இல்லை, கொட்டகைக்குள் பனி சொட்டாது. யாரோ ஊற்றி வைத்திருக்கிறார்கள். தெருநாய்க்காக இருக்கலாம். தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டேன்.

இரண்டாவது சந்தேகம், கைப்பிடியில் ஈரம் இறங்கியிருக்கலாம். வெந்நீர்த் துணியால் துடைத்து, மரகதத்தின் பழைய முடி உலர்த்தியை நீள வயர் போட்டு இழுத்து வந்து காய வைத்தேன். சாலையில் போன பால்காரர் நின்று பார்த்தார். "வண்டிக்குத் தலை குளிச்சு விட்டீங்களா சார்?" என்றார்.

மாலை திறந்தது.

நவம்பர் 8, சனி

மெக்கானிக் பஷீர் வந்தார். மரகதத்துக்கு அவரைப் பிடிக்கும். வண்டியைத் தட்டிப் பார்க்காமல் காதை வைத்துக் கேட்பவர்.

"பேட்டரி ரொம்ப எறங்கிருச்சுங்க சார். ரெண்டு மாசமா ஓடாம நின்னா அது என்ன பண்ணும்? பசியில பெனாத்துற மாதிரிதான் லைட்டப் போடுது."

"தினமும் ஒரே நேரத்துக்கா பெனாத்தும்?"

"உங்களுக்கு ஒரே நேரத்துக்குப் பசிக்கறதில்லீங்களா?"

நல்ல பதில். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். போகும்போது முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார். "நீங்க என்ன பஷீர், எலுமிச்சம்பழம்ங்கறீங்க?" என்றேன். "சார், வண்டிக்கு ஏதுங்க சார் மதம்?" என்றார்.

மாலை விளக்குகள் முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தன. பஷீர் கண்டுபிடித்தது தவறு. ஆனால் சார்ஜ் ஏற்றியது நல்லது.

இரவு வாசுகி பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். வண்டிக்கு ஆள் பார்த்துவிட்டாளாம். இருபத்தொன்பதாம் தேதி அவளே வந்து முடித்துக்கொடுத்துவிட்டு என்னையும் கையோடு கூட்டிப் போவதாகச் சொன்னாள். "கொஞ்ச நாள் இருந்து பாருங்கப்பா. பிடிக்கலன்னா திரும்பி வந்துடுங்க" என்றாள். சரி என்றேன். வண்டி திறப்பதைப் பற்றிச் சொல்லவில்லை. சோதனை முடியாமல் முடிவைச் சொல்வது என் வழக்கமில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று வரவில்லை.

திறக்கவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். ஜன்னலோரம் நாற்காலி போட்டு இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 10, திங்கள்

திறந்தது. இன்று நல்ல வெளிச்சமாகத் தெரிந்தது. பனி கொஞ்சம் குறைவு.

காலையிலேயே முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டேன். வீட்டில் இருந்தாலும் ஆள் ஒழுங்காக இருக்க வேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று தண்ணீருடன் வண்டியின் மூக்கின் மேல் ஒரு செவ்வந்திப் பூவும் இருந்தது. நாய்க்கு வைக்கிறவர்கள் பூ வைக்க மாட்டார்கள்.

தண்ணீரைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. கடைசி இரண்டு நாள் அவள் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

குவளையை இன்று கொட்டவில்லை. அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 12, புதன்

பஷீர் தன் மச்சானிடமிருந்து ஒரு சோதனைக் கருவி வாங்கி வந்திருந்தார். வண்டியில் அதைச் சொருகினால் எந்தச் சாவிக்கு எப்போது திறந்தது என்று திரையில் காட்டுமாம். மதியம் மூன்று மணிக்கு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சொருகினார். திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

"சார், இந்த வண்டில ரெண்டு சாவி பதிவாயிருக்குங்க. உங்க சாவி ஒண்ணாம் நம்பர். நான் வந்த ரெண்டு நாளத் தவிர அது ரொம்ப நாளாத் தொறக்கல."

"சரி."

"தெனம் சாயங்காலம் தொறக்கறது ரெண்டாம் நம்பருங்க சார். மேடம் சாவி."

நான் தலையாட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அது எங்கீங்க சார் இருக்கு?"

"தெரியல பஷீர். ஆஸ்பத்திரிக்கு ஓடின நேரத்துல எங்கேயோ காணாமப் போயிடுச்சு."

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். வெயில் இருந்தது. இருந்தும் கருவியை அவசரமாகச் சுருட்டினார். "அந்த ரெண்டாம் நம்பர அழிச்சு விட்டுட்டா முடிஞ்சுதுங்க சார். அஞ்சு நிமிச வேல. அப்புறம் யார் வந்தாலும், எது வந்தாலும், வண்டி திரும்பிப் பாக்காது. வண்டிய விக்கறதுன்னா எப்படியும் செஞ்சுதான் ஆகணும். இப்பவே பண்ணிடட்டுங்களா?"

"இன்னைக்கு வேண்டாம். காபி ஆறிடும், மேல வாங்க."

"இல்லீங்க சார். வெளிச்சத்துலயே கெளம்பிக்கறேன்."

நவம்பர் 13, வியாழன்

அழித்துவிட்டால் அப்புறம் வண்டி திரும்பிப் பார்க்காது. அவர் சொன்னது காதில் நின்றுகொண்டே இருக்கிறது. வகுப்பில் ஒரு மாணவன் நின்றுவிட்டால் பதிவேட்டில் அவன் பெயரை அடிக்க வேண்டும். நான் எப்போதும் அந்த மாதம் முடியும்வரை அடிக்க மாட்டேன். கூப்பிடுவேன். பதில் வராது என்று தெரிந்தும் ஒரு மூச்சு நேரம் நிறுத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போவேன்.

திறந்தது.

நவம்பர் 14, வெள்ளி

வாசுகியிடம் இரண்டாவது சாவி பற்றி வாங்குகிறவர் கேட்டாராம்.

"அம்மா சாவிய அந்த அரக்குக் கலர் கோட்டுலதானப்பா எப்பவும் வச்சிருப்பாங்க?"

"பையைப் பார்த்தாச்சும்மா. காலி."

"எந்தப் பை? வலது பை கிழிஞ்சுதானே இருந்துச்சு? சில்லறையெல்லாம் உள்துணிக்குள்ள போயிடும்னு திட்டிக்கிட்டே இருப்பாங்களே. கோட்டு எங்க இப்ப?"

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் துணிமணிகளை யார் யாருக்கோ கொடுத்தது மரகதத்தின் தங்கை சௌந்தரி. பட்டுப் புடவைகளைச் சொந்தக்காரப் பெண்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மற்றதெல்லாம் இல்லாதவர்களுக்கு. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. போனவர்கள் பேரில் கொடுத்ததை விசாரிக்கக் கூடாது, திரும்பக் கேட்கவே கூடாது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். வாசுகியிடம் அதைச் சொன்னேன்.

"அப்பா, நீங்க எப்பலேருந்து இதெல்லாம் நம்ப ஆரம்பிச்சீங்க?" என்றாள்.

நவம்பர் 15, சனி

இன்று ஜன்னலில் உட்காரவில்லை. ஐந்து மணிக்கே கீழே இறங்கி, கடைசிப் படியில் கொட்டகைத் தூணுக்குப் பின்னால் நின்றேன். என் சாவி மேலே டின்னுக்குள் இருந்தது.

பனி பால் போல வந்து நிறைந்தது. கை நீட்டினால் விரல் தெரியவில்லை. சாலையின் மறுபக்கம் சாக்கடை, இந்தப் பக்கம் எங்கள் வண்டி. நடந்து வருகிறவர்கள் வண்டியை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். முதலில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு வண்டி திறந்தது. இரண்டு முறை மஞ்சள் வெளிச்சம். கண்ணாடிகள் முனகிக்கொண்டு விரிந்தன.

அந்த வெளிச்சத்தில் அரக்கு நிறக் கோட்டு நின்றது.

அவள் உயரம். அவள் தோள். வலது தோள் சற்று இறங்கி நிற்கும், அதுவும் அப்படியே. தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்ததால் முகம் தெரியவில்லை. குனிந்து சக்கரத்தடியில் எதையோ வைத்தது. நிமிர்ந்து வண்டியைப் பார்த்துக் கைகூப்பியது.

என் வாயில் அவள் பெயர் வந்தது. வெளியே சொன்னேனா என்று தெரியவில்லை.

கோட்டு திடுக்கிட்டுத் திரும்பியது. நான் நின்ற பக்கம்தான் திரும்பியது, ஆனால் பனியில் நான் தெரிந்திருக்க மாட்டேன். பிறகு ஓட்டம். செருப்பில் ஒன்று கழன்று சாலையிலேயே கிடந்தது.

வண்டி பூட்டிக்கொண்டது. செருப்பை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன்.

நவம்பர் 17, திங்கள்

இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

இல்லை. தண்ணீரும் இல்லை, பூவும் இல்லை. அந்தச் செருப்பைத் துடைத்துப் படியோரம் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 19, புதன்

நாலைந்து நாள் திறக்காமல் இருந்தால் பூட்டு இறுகிவிடும் என்று தோன்றியது. ஐந்தரைக்கு என் சாவியை டின்னிலிருந்து எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியருகே நடந்தேன். திறந்தது. விலகிப் போனேன். பூட்டிக்கொண்டது. நன்றாக வேலை செய்கிறது.

நவம்பர் 20, வியாழன்

இன்றும் சரிபார்த்தேன். சில முறை.

நவம்பர் 21, வெள்ளி

இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மரகதம் இருந்த அறைப் பக்கம் போகாமல் மருந்து வாங்கும் இடத்திலேயே நின்றேன். அங்கே இரண்டு ஆயாக்கள் நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இருமிக்கொண்டே இருந்தாள். மெல்லிய பருத்திப் புடவை, மேலே ஒரு துண்டு, அவ்வளவுதான். இந்தக் குளிரில்.

இன்னொருத்தி என்னிடம் சொன்னாள். "பாருங்க சார் இவள. அழகான கம்பளிக் கோட்டு ஒண்ண வீட்ல மடிச்சு வச்சுட்டு இருமிச் சாவறா. கேட்டா பேய்ங்கறா! ரோட்ல நிக்கற காரு கண்ணடிக்குதாம் இவளப் பாத்து."

"சும்மா இரு செல்வராணி," என்றாள் இருமியவள்.

"பேரு வச்சு வேற கூப்பிட்டுச்சாம் சார், இவ பேர இல்ல, செத்தவங்க பேர! அதுக்குப் பயந்து ரோட்ட விட்டுட்டு டீத்தோட்டத்துக்குள்ள சுத்திப் போறா. அங்க காட்டெருமை நிக்குது. பேய்க்குப் பயந்து எருமை வாயில போறா."

இருமியவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கும் அவளைத் தெரியும். குருவம்மாள். மரகதத்தின் அறையில் இரவும் பகலும் இருந்தவள். வலது தோளில் ஏதோ பழைய அடி, அந்தப் பக்கம் சற்று இறங்கித்தான் இருக்கும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். கோட்டின் உள்துணியில் சாவி இருக்கிறது, எடுத்துக் கொடுத்துவிடம்மா என்று ஒரு வரி போதும். ஆட்கள் இருந்தார்கள். மாத்திரைக்கு என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்னொரு நாள் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 22, சனி

மாலை கீழே போய்ச் சரிபார்த்தேன்.

நவம்பர் 24, திங்கள்

பால்காரர் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் டீத்தோட்டத்துப் பாதையில் ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தியை எருமை துரத்தியிருக்கிறது. செடிகளுக்குள் விழுந்து உருண்டு தப்பித்திருக்கிறாள். முழங்கால் கிழிந்து தையல் போட்டிருக்கிறார்களாம்.

"பேரு?"

"குருவம்மானு சொன்னாங்க சார். பாவம், நல்ல ரோடு இருக்க அந்த வழியா எதுக்குப் போறா?"

அவர் போன பிறகு அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றவில்லை. கரும்பலகையில் ஒரு கணக்கு தவறாகப் போய்க்கொண்டிருக்கிறது, எழுதுகிறவனுக்குத் தெரியும், வகுப்புக்குத் தெரியாது. நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போகிறான். நான் அப்படிச் செய்ததில்லை என்று எழுத நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து செல்வராணியிடம் பேசினேன். நாளை மதியம், நல்ல வெயிலில், கோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் வரச் சொன்னேன்.

நவம்பர் 25, செவ்வாய்

வந்தார்கள். செல்வராணி முன்னால், குருவம்மாள் நொண்டிக்கொண்டு பின்னால். கொட்டகைக்கு வெகுதூரம் முன்பே நின்றுவிட்டாள். கோட்டைத் துணிப்பையில் வைத்து, பையைப் பச்சைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தாள்.

"வாங்கிக்கோங்க சார். எனக்கு வேண்டாம். சின்னம்மா குடுத்தப்பவே வேண்டாம்னு சொல்லிருக்கணும். அம்மாவுக்குப் புடிக்கல."

"அம்மாவுக்கு ஏன் பிடிக்காமப் போகுது?"

அவள் பையை இறுக்கிக்கொண்டாள். செல்வராணி இடித்தாள். "சொல்லேண்டி. சொன்னாத்தான தீரும்."

"தண்ணி கேட்டாங்க சார்," என்றாள் குருவம்மாள். "கடைசி நாள் பூரா கேட்டாங்க. ஒரு வாய் குடு குருவம்மான்னாங்க. டாக்டர் திட்டுவாருன்னு நான் குடுக்கல. குடுக்கவே இல்ல சார். இப்ப இந்தக் கோட்டப் போட்டுட்டு நான் இப்படிப் போனா, வண்டில உக்காந்துட்டு என்னைப் பாக்கறாங்க. தெனம் ஒரு டம்ளர் வச்சுப் பாத்தேன். அப்பவும் வெளக்கப் போட்டாங்க. அன்னைக்கு அவங்க பேர அவங்களே சொன்னாங்க. எங்காதால கேட்டேன்."

"அது நான்தாம்மா. நான்தான் கூப்பிட்டேன். தூணுக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தேன்."

செல்வராணி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை. "ஏன் சார், வாத்தியாரு செய்யற வேலையா இது?" என்று மட்டும் கேட்டாள்.

"தண்ணி அவ என்கிட்டயும் கேட்டா, குருவம்மா," என்றேன். "நானும் குடுக்கல."

அவள் முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

பிறகு பாடம். வண்டியை அணுகவே மாட்டேன் என்றவளை மெதுவாகத்தான் கொண்டுவர முடிந்தது. முதலில் துணிப்பையோடு செல்வராணியை நடக்கவிட்டேன். வண்டி திறந்தது. அவள் ஒரு கத்துக் கத்திவிட்டு, அப்புறம் தானே சிரித்துவிட்டாள். பையைக் கீழே வைத்துவிட்டு நடக்கச் சொன்னேன். திறக்கவில்லை. பை இருந்தால் திறக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. யார் தூக்கினாலும் அப்படித்தான். நாலாவது தடவை குருவம்மாளே பையைத் தூக்கினாள். கண்ணாடிகள் விரிந்தன. அவள் ஓடவில்லை.

படியில் உட்கார்ந்து கோட்டின் உள்துணியைத் தையலோரமாக வெட்டினேன். சில்லறைகள், ஒரு ஊக்கு, ஏலக்காய் இரண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் சாவி. வருகைப் பதிவு உதாரணத்தைச் சொன்னேன். வண்டி கூப்பிடுகிறது, சாவி பதில் சொல்கிறது, அவ்வளவுதான்.

குருவம்மாள் கவனமாகக் கேட்டாள். நல்ல மாணவிகள் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

"அப்ப அம்மா இல்லீங்களா சார்?"

கீழே எங்கோ பேருந்து வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறியது. தெரிந்த பதிலைச் சொல்ல எனக்கு இவ்வளவு நேரம் ஆனது இதுதான் முதல் தடவை.

"இல்லம்மா," என்றேன். "அவ இல்ல."

உள்துணியைத் தைத்தேன். கிழிந்த பையையும் சேர்த்துத் தைத்தேன். கோணல் தையல்தான். கோட்டை அவளிடம் நீட்டினேன். வாங்கத் தயங்கினாள். "கொடுத்ததைத் திரும்ப வாங்கற வழக்கம் எங்க வீட்ல இல்ல. போட்டுக்கோ. ரோட்டு வழியாவே போ," என்றேன். அவளுடைய செருப்பையும் கொடுத்தேன்.

சாவி இப்போது மேசையில் என் சாவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் வாசுகி வந்து வாங்கிக்கொள்வாள். பஷீருக்கு வேலையில்லை.

நவம்பர் 26, புதன்

ஐந்து மணிக்கே பனி. மரகதத்தின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. சாலை விளக்கு எரிய ஆரம்பித்ததும் அதன் கீழும் கொட்டகை ஓரத்திலும் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கிடந்தது.

குருவம்மாள் வந்தாள். கோட்டு போட்டிருந்தாள். நொண்டல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. விளக்கைக் கடந்து கொட்டகைப் பக்கம் வந்தாள்.

வண்டி திறக்கவில்லை.

பயமில்லாமல் தாண்டிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. நின்றாள். வண்டியைப் பார்த்தபடி, ஒரு அடி முன்னால் வந்து, பிறகு இன்னும் ஒரு அடி வந்து நின்றாள். எதற்கோ நேரம் கொடுப்பவள் போல நின்றுகொண்டே இருந்தாள்.

அந்த நேரத்தில் என் உள்ளங்கையில் சாவியின் சின்ன சிவப்புப் பொட்டு ஒரு முறை எரிந்து அணைந்தது. வண்டி கூப்பிட்டுப் பதில் சொல்லும்போது அது எரியும். இவ்வளவு உயரத்துக்கு வண்டியின் குரல் எட்டாது. என் விரல் பொத்தானில் பட்டிருக்கும்.

பத்துப் படி இறங்கியிருந்தால் போதும், வண்டி திறந்திருக்கும். அவளும் பார்த்திருப்பாள், நானும் பார்த்திருப்பேன்.

நான் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் வண்டியிடம் ஏதோ சொல்லிவிட்டு நடந்து போனாள்.